பனிக்காலக் கதையில் ஒரு பாலன்

துன்பம் முற்றிய ஒரு குடும்பக் காட்சியிற் சிறுபிள்ளை ஒன்று அரங்கில் நிற்குமாயின், அதற்குரிய நடிப்பு அழுகையே எனப் பலரும் கொள்வர். கல்லூரி விழாக்களில் நாடகம் பயிற்றுவோருள்ளும் இக்கொள்கையினர் மிகப் பலர். தாய் அழும்போது உடனழவும், தந்தை சினக்கும்போது நடுநடுங்கவும், பிரியுங்காலத்துக் கைகளை நீட்டி அலறவும் கீழ்வகுப்பு மாணவன் ஒருவன் பல நாட் பழக்கப்படுகின்றான். விழாவன்று அவையோரும் கண்கலங்குகின்றனர். பயிற்றியவர்க்கும் மனநிறைவு உண்டாகின்றது. ஆயினும் அக்கண்ணீர் நாடகாசிரியன் வேண்டிய கண்ணீர்தானோ என்னும் வினா எஞ்சியே நிற்கின்றது. விபுலானந்த அடிகள் செகசிற்பியார் எனத் தமிழ்ப்பெயர் சூட்டி வழங்கிய ஆங்கிலப் பெரும்புலவரின் ‘பனிக்காலக் கதை’ என்னும் நாடகத்தில் வரும் மமிலியசு என்னும் அரசிளங்குமரனின் பாத்திரம் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற இடமாகும். அப்பாத்திரம் பேசுவது சிறிது. இரண்டு காட்சிகளுக்கு மேல் அது தோன்றுவதுமில்லை. அதனாலேதான் போலும், திறனாய்வாளர் பலர் அதனைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

கதையைச் சுருங்கக் கூறின் இதுவாம்: சிசிலி நாட்டரசன் லியொன்ரிசு. அவனுடைய இளமைத் தோழனாகிய பொஹீமிய அரசன் பொலிக்சனிசு ஒன்பது திங்கள் அரண்மனையில் விருந்தினனாகத் தங்கி விடைபெற முற்படுகின்றான். லியொன்ரிசு தடுத்தும் நில்லாதவன், அவ்வரசனின் விருப்பப்படியே அரசி ஹேர்மயனி இனிது பேசி வேண்டியதும் நிற்க இசைகின்றான். தான் ஏவிய செயலே தனக்கு நஞ்சாக, லியொன்ரிசு கருவுற்ற மனைவியின் கற்பினையும் நண்பனின் நட்பினையும் ஒருங்கே ஐயுறுகின்றான். இந்நாடகம் 1611ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் தேதி குளோப் அரங்கில் ஆடப்பெற்றதைச் சைமன் போமன் என்பார் கண்டு குறித்து வைத்தனர். கதைக்கு மூலம் றொபேட் கிரீன் 1588இல் வெளியிட்ட ‘பண்டொஸ்ரோ’ என்னும் உரைநடைக் கதையாகும். அங்கும் இளவரசன் ஒருவன் உளன், அவனும் இறக்கின்றான். ஆனால் தாயின் அருகிருந்து கதை சொல்லும் காட்சி அங்கில்லை. அது செகசிற்பியாரே புனைந்து சேர்த்தது.

முதலங்கத்து இரண்டாங் காட்சியிலே தந்தையும் மகனும் பேசுமிடம் முதற்கண் நோக்கற்பாலது. ஐயம் மூண்டெழுந்த அக்கணத்திலே அரசன் மகனை அழைத்து, நீ என் பிள்ளைதானோ என வினவுகின்றான். அவன் மூக்கிற் படிந்த கரியைத் துடைத்துவிடச் சொல்லி, அம்மூக்கு என்னுடையதன் படி எனப் பிறர் கூறுவதாகவும் சொல்கின்றான். இக்காட்சி முழுவதிலும் சிறுவன் மறுமொழி கூறுவது நான்கு முறை. ஒவ்வொன்றும் ஓரடிக்குள் அடங்கும். ஏமாற்றத்தைப் பொறுத்துக்கொள்வாயோ என்னும் கருத்துடைய ஒரு பழமொழியால் அரசன் அவனை வினவுகின்றான். மாட்டேன், சண்டை செய்வேன் என்னும் பொருள்பட அவன் விடை தருகின்றான். தந்தை கேட்டது தன் மனையறத்தைப் பற்றி. மகன் கேட்டதாகக் கொண்டது விளையாட்டுச் சண்டையைப் பற்றி. விளையாடு என்னும் ஒரு சொல்லை அரசன் மகனுக்கு ஒரு பொருளிலும், மனைவிக்கு வேறொரு பொருளிலும், நாடகமாடும் தனக்கு மூன்றாவதொரு பொருளிலும் வழங்கி அவனைப் போகவிடுகின்றான். பிள்ளைக்கு விளங்கியது முதற்பொருள் ஒன்றே. ஆகவே அவன் விளையாடப் போகின்றான்.

இவ்விடத்திலே சில அரங்குகளில் மமிலியசாக வருஞ் சிறுவன் தந்தையின் முகத்தை அச்சத்தோடு பார்க்கும்படி கற்பிக்கப்படுகின்றான். இதனினும் பெரும்பிழை வேறில்லை. அரசன் தன் கலக்கத்தை மறைக்க முயல்கின்றான். அருகில் நிற்கும் நண்பனும் மனைவியும் அவன் முகம் சற்று மாறியிருத்தலைக் கண்டு காரணம் வினவுகின்றனரேயன்றி, உண்மையை அறிந்தாரல்லர். தன் பிள்ளைப் பருவம் நினைவுக்கு வந்ததென்று கூறி அவன் அவர்களை ஏய்த்துவிடுகின்றான். முதியோர் இருவர்க்கே புலப்படாத ஒன்று, மூக்கிற் கரி பூசிக்கொண்டு நிற்கும் ஒரு பிள்ளைக்கு எங்ஙனம் புலப்படும்? அவன் அஞ்சினால் அவையோர் அஞ்சவேண்டிய தேவை இல்லாமற் போகின்றது. அவன் பொருட்டு அஞ்சுதல் அவர்களுடைய தொழில். அதனை அவனே செய்துவிடுதல் பிறர் உண்ணவேண்டிய சோற்றைத் தானே உண்டுவிடுதலை ஒக்கும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே நகைச்சுவைக்கு நிலைக்களமாகக் கூறியவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்காம். அழுகைக்குக் கூறியவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. இளமையும் அறியாமையும் நகையின்பாற் படுவன. அழுகையின்பால் அவற்றுக்கு இடமில்லை. இப்பாகுபாட்டை வாய்பாடாக ஒப்புவிக்கும் மாணவரும், அவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியருமே அரங்கிற்கு வந்தவுடன் அதனை மறந்துவிடுதல் வியப்பே. சிறுபிள்ளையை அழுகைக் காட்சியில் நிறுத்தும் புலவன், நகைக்குரிய பொருளொன்றை அழுகையின் நடுவே வேண்டுமென்றே வைக்கின்றான். அப்பிள்ளை தன் நிலையில் நிற்கும்வரையுமே அழுகை ஆழம் பெறும். மடன் என்பதற்கு, கேட்டதனை ஆராயாது மெய்யெனக் கொள்ளுதல் என உரை கூறுவர். மமிலியசிடத்து அதுவும் உண்டு. தான் தந்தையை ஒத்திருப்பதாகப் பிறர் சொல்லுகின்றனர் என்று அவன் தந்தையிடமே சொல்லுகின்றான். அரசனைச் சுட்டெரிக்கும் வினாவுக்கு அது எத்துணைப் பொருத்தமான விடை என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தவன்போலச் சொன்னால் அது விடையாகாது, வாதமாகிவிடும்.

இனி, இரண்டாமங்கத்து முதற் காட்சி. கருவுற்று இளைத்திருக்கும் அரசி, மகனின் தொல்லை பொறுக்க முடியவில்லையென்று கூறி அவனைத் தோழியரிடம் ஒப்புவிக்கின்றாள். ஒருத்தி விளையாட அழைக்கின்றாள். அவன் மறுக்கின்றான், அவள் அழுத்தி முத்தமிடுவாள், இன்னுங் கைக்குழந்தை என எண்ணிப் பேசுவாள் என்பது அவன் கூறுங் காரணம். பிறகு மகளிர் புருவங்களைப் பற்றித் தான் கண்டறிந்த செய்திகளை அறிஞன்போல எடுத்துரைக்கின்றான். உன் புருவம் என்ன நிறம் என்று ஒருத்தியைக் கேட்க, அவள் நீலம் என்கின்றாள். நீல மூக்குக் கண்டதுண்டு, நீலப் புருவம் கண்டதில்லை என அவளை மடக்குகின்றான். தோழி உடனே, உன் தாய்க்கு இன்னுமொரு குழந்தை பிறக்கப் போகின்றது, அப்போது நாங்கள் உன்னைத் தேடமாட்டோம் என்று சீண்டுகின்றாள். இவ்விடத்துப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. நல்ல நடிகனாயின் இம்மௌனத்தை வீணாக்கான். தனக்குரிய இடம் போய்விடுமோ என்னும் சிறு பொறாமை ஒரு கணம் முகத்தில் தோன்றுதல் வேண்டும். அறியாப் பிள்ளை என்றால் உணர்ச்சியில்லாப் பிள்ளை என்பது பொருளன்று. அவனுக்குரிய ஆசையும் பிடிவாதமும் மனத்தாங்கலும் அவனுக்கு உண்டு. அவை பெரியோருடைய துயரத்தோடு தொடர்பில்லாதவை என்பதே பொருள்.

மழலை பேசியும் தலையைச் சாய்த்துச் சிரித்தும் சிறுவனை அழகுபொம்மையாக்கும் வழக்கமொன்று உண்டு. அது அழவைக்கும் வழக்கத்தினும் கெட்டது என்று கூறுதல் மிகையாகாது. மமிலியசு தன்னைக் குழந்தையாக நடத்துவதை வெறுப்பவன் என்பதைப் புலவன் அவன் வாயினாலேயே சொல்லிவைத்திருத்தல் காண்க. எந்தப் பிள்ளையும் தன்னைப் பிள்ளை என்று கருதி நடப்பதில்லை.

தாய் அவனை மீண்டும் அழைத்துக் கதை சொல்லக் கேட்கின்றாள். இன்பக் கதையோ துன்பக் கதையோ என அவன் வினவுகின்றான். அவள் இன்பக் கதையை விரும்பவும், பனிக்காலத்துக்குத் துன்பக் கதையே தக்கதென்று தானே முடிவு செய்கின்றான். தன்னிடம் பேய்க்கதை ஒன்று உண்டென்கின்றான். இடுகாட்டருகே வாழ்ந்த ஒரு மனிதனைப் பற்றிய கதை அது. சுவர்க்கோழிக்கும் கேளாதபடி மெல்லச் சொல்லப் போவதாகக் கூற, தாய் தன் செவியைக் கொடுக்கின்றாள். நாடகத்தின் பெயர் இச்சிறுவனின் வாயிலிருந்து பிறக்கின்றது.

அவ்வளவில் அரசன் பரிவாரத்தோடு புகுகின்றான். நாடகம் பயிற்றுவோர் பெரும்பாலும் காணாது விடும் நுட்பம் இங்கேதான் உளது. அரசன் புகுந்தவுடன் மகனைக் கேட்கவில்லை. பொலிக்சனிசு தப்பியோடிய செய்தியையும், தன் அமைச்சன் கமில்லோ அவனோடு சேர்ந்துகொண்ட செய்தியையும் பரிவாரத்தோடு பேசுகின்றான். கிண்ணத்துள் சிலந்தி கிடப்பதைக் கண்டவனின் நிலையைத் தன்னிலைக்கு உவமையாக்குகின்றான். இருபது வரிகளுக்கு மேல் இப்பேச்சு நிகழ்கின்றது. அத்தனை நேரமும் சிறுவன் என்ன செய்கின்றான்? கதை சொல்லிக்கொண்டிருக்கின்றான். அரங்கின் ஒரு புறத்திலே ஒரு குடும்பத்தை அழிக்கும் சொற்கள். மறுபுறத்திலே காதோடு காதாக ஒரு பேய்க்கதை. அரசன் புகுந்ததும் கதையை நிறுத்திச் சிறுவனை எழுந்து நிற்கச் செய்பவர், புலவன் அரிதின் அமைத்த காட்சியைத் தம் கையாலேயே குலைத்தவராவர்.

ஆதலின் இச்சிறுவனுக்குக் கற்பிக்க வேண்டியது மெய்யாகவே சொல்லத்தக்க ஒரு கதை. வாயை வெறுமனே அசைக்கச் சொன்னால் அவன் கண் அவையை நோக்கும். அரசனாக நடிப்பவன் எப்போது தன்னிடம் வருவான் என்று காத்திருக்கும். செவியிற் சொல்லுங் கதை அவையோர்க்குக் கேளாது. எனவே எம்மொழியிற் சொன்னாலும் குற்றமில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுவன் ஒருவன் சுடலைக்கருகே நிற்கும் புளியமரத்துப் பேயின் கதையைத் தமிழிலேயே ஹேர்மயனியின் காதிற் சொல்லலாம். அது நாள்தோறும் புதியதாக இருப்பின் இன்னும் நன்று. கேட்பவனும் மெய்யாகவே கேட்பான். கேட்பவன் என ஆண்பாலாற் கூறியது பிழையன்று. குளோப் அரங்கில் ஹேர்மயனியாக நடித்தவனும் ஓர் இளைஞனே. ஆண்கள் கல்லூரி அரங்குக்கும் அவ்வரங்குக்கும் உள்ள இவ்வொற்றுமை, பெருங்குறையாகக் கருதப்படினும், இக்காட்சிக்கு உதவியாதலுங் கூடும்.

அரசன் திரும்பி மகனைத் தன்னிடம் தரும்படி கேட்கின்றான். நீ இவனுக்குப் பாலூட்டாதது நன்றாயிற்று என்றும் கூறுகின்றான். அரசியின் முதல் மறுமொழி, இது என்ன விளையாட்டோ என்னும் வினாவாகும். அறிவும் பெருமிதமும் வாய்ந்த பேரரசியே இதனை விளையாட்டென்று ஐயுறுகின்றாள் எனின், பிள்ளை அதனை வேறு என்னென்று கொள்ளும்? பிள்ளையைக் கொண்டுபோகும்படி அரசன் ஆணையிடுகின்றான். மமிலியசுக்குப் புலவன் இங்கு ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதாத இடத்திலே அலறலைப் புகுத்துதல் புலவனைத் திருத்துவதாகும். தூக்கிச் செல்லப்படும் சிறுவன் முகத்திற் காணவேண்டியது, கதையின் சிறந்த பகுதி வருமுன்னர் இடையூறு நேர்ந்ததனால் உண்டான மனக்குறை ஒன்றே. தந்தையை அன்று, கதை கேட்டுக்கொண்டிருந்த தாயையே அவன் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். தாயைப் பிரிந்தபின் இச்சிறுவன் நோயுற்று இறக்கின்றானே. யாதொன்றும் அறியாதவன் துயரத்தால் இறப்பானோ என்று கேட்பர். தடை வலியுடையது. ஆனால் அவன் நோயை அவையோர் காணவில்லை. ஏவலாளர் கூறும் சில சொற்களாலே கேட்கின்றனர். மூன்றாமங்கத்தில் இறப்பை அறிவிப்பவன், அரசிக்கு என்ன நேருமோ என்னும் அச்சத்தைக் காரணமாகக் கூறுகின்றான். தாயை மீண்டும் காணாத பிள்ளையின் அச்சம் அது. இரண்டாமங்கத்திலோ, தாயின் இழிவை உணர்ந்து அதனைத் தன் இழிவாக ஏற்று மகன் ஊணும் உறக்கமும் துறந்தான் என்று ஒருவன் விளக்கங் கூறுகின்றான். அவ்விளக்கத்தைக் கூறுபவன் லியொன்ரிசு. தன் நெஞ்சிலுள்ள அழுக்கைத் தன் மகன் நெஞ்சிலும் ஏற்றிப் பார்க்கின்றான். பெரியோரின் துயரத்தை முன்கூட்டியே அறிந்த பிள்ளையாக மமிலியசை நடிக்கச் செய்வோர், அறியாமலே அப்பொல்லா அரசனின் கட்சியைச் சார்ந்துவிடுகின்றனர்.

இப்பாத்திரத்தின் அரங்க வரலாற்றிலே குறிக்கத்தக்க ஒரு நாள் 1856ஆம் ஆண்டு ஏப்பிரில் 28. அன்று இலண்டன் பிரின்சஸ் நாடகசாலையில் சாள்ஸ் கீன் நடத்திய இந்நாடகத்தில் எலன் ரெரி என்னும் ஒன்பது வயதுச் சிறுமி மமிலியசாக முதன்முதல் அரங்கேறினாள். பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைசிறந்த நடிகையாக விளங்கியவள் இவளே. பழைய கிரேக்கச் சாடியொன்றில் தீட்டப்பட்டிருந்த விளையாட்டு வண்டியைப்போல ஒரு வண்டி செய்து அவள் கையிற் கொடுத்தனர். அதனை இழுத்து ஓடியவள் முதல் நாளே அதன் பிடி தடுக்கி மல்லாந்து விழுந்தாள். அவையிற் சிரிப்பு எழுந்தது. தன் நடிப்பு வாழ்வே முடிந்ததென அவள் அழுதாள். இவற்றை அவளே 1908இல் வெளிவந்த தன் வரலாற்றில் எழுதியிருக்கின்றாள். வண்டி நல்லது, பிள்ளைக்குச் செய்ய ஒரு தொழில் இருந்தால் அது முகபாவம் தேடி அலையாது. அவையோரின் சிரிப்பும், அவள் நினைத்ததுபோல, அத்துணைக் கேடானதன்று. மூக்கிற் கரியோடு வரும் பிள்ளை வண்டி தடுக்கி விழுதல் நாடகத்துக்கு முரணாகாது.

அதே வரலாற்றில் வேறொரு செய்தியும் உண்டு. 1858இல் ‘ஜோன் மன்னன்’ நாடகத்திலே ஆதர் என்னும் சிறுவனாக அவள் நடிக்கப் பயின்றபோது, பயிற்றிய கீனின் மனைவியார் தாம் விரும்பிய குரல் வராமையாற் சினந்து அவளை அறைந்தனராம். அவமானமும் துயரமும் பொங்க அவள் அழுதுகொண்டே பேச, அதுதான், அக்குரலை மறவாதே என மகிழ்ந்தனராம். எலன் ரெரி இதனை நன்றியோடு நினைவுகூருகின்றாள். அந்நன்றி அவளுடைய பெருந்தன்மையைக் காட்டுமேயன்றி அம்முறையின் நன்மையைக் காட்டாது. ஆதர் தன் கண்களைச் சுட வந்தவனிடம் இரந்து நிற்பவன். தனக்கு நேரப்போவதை முற்றும் அறிந்தவன். அவனுக்கு அழுங்குரல் வேண்டும். அறைந்து பெற்ற அழுகை அவையோர்க்கு அச்சத்தின் அழுகைபோலத் தோன்றியும் இருக்கலாம். மமிலியசுக்கோ அறையினாற் பெறக்கூடியது யாதொன்றும் இல்லை. அச்சமின்மையை அச்சுறுத்திக் கற்பிக்க யாராலும் இயலாது. ஈண்டும் ஒத்திகை நாட்களில் பிரம்பும் குட்டும் தோன்றாத மண்டபங்கள் சிலவே. சிறுவன் வீட்டுக்குப் போய் நாடகம் வேண்டாம் என அழுவதும், பெற்றோர் சமாதானப்படுத்தி மீண்டும் அனுப்புவதும் புதியனவல்ல.

விளையாட்டு வண்டி என்றவுடன் சூத்திரகனின் ‘மிருச்சகடிகம்’ நினைவுக்கு வருதல் இயல்பு. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் ‘மண்ணியற் சிறுதேர்’ எனத் தமிழாக்கிய அந்நாடகத்தின் ஆறாமங்கத்திலே சாருதத்தனின் மகன் உரோகசேனன், அயல்வீட்டுப் பிள்ளையின் பொற்றேருக்கு ஆசைப்பட்டு, பணிப்பெண் செய்துகொடுத்த மண் தேரை வேண்டாமென்று அழுகின்றான். வசந்தசேனையை அவனுக்குத் தாய் என்று பணிப்பெண் கூறுகின்றாள். இவள் தாயாயின் நகை அணிந்திருப்பது எவ்வாறு என்பது பிள்ளையின் வினா. வறுமையிற் பிறந்த வினா அது. ஆனால் கேட்பவனுக்கு அது கணக்கு. வசந்தசேனை அழுதுகொண்டே நகைகளைக் களைகின்றாள். அழுகின்றாய், ஆகவே வாங்கமாட்டேன் என்கின்றான் அவன். பிறருடைய கண்ணீரை அவன் காண்கின்றான்; காரணத்தைக் காணவில்லை. அந்நகைகளே பின்னர் வழக்கு மன்றத்தில் தந்தைக்கு எதிரான சான்றாகின்றன. கொலைக்களத்துக்குச் செல்லும் தந்தைக்குப் பதிலாகத் தன்னைக் கொல்லும்படி இச்சிறுவனே பத்தாமங்கத்தில் வேண்டுகின்றான். ஆறாமங்கத்துப் பிள்ளை பத்தாமங்கத்தில் வளர்ந்துவிட்டான். ஒருவனையே இரண்டிடத்தும் ஒரே குரலிற் பேசவைத்தால் இவ்வளர்ச்சி தெரியாது. பரதர் வயதுக்கு மாறான வேடத்தை விரூபம் என்று பிரித்தனர். முதியவன் சிறுவனாக வருதல் அவ்வகை. வயதால் ஒத்த சிறுவனையே நிறுத்தி, முதியோருடைய அறிவை அவன் முகத்தில் ஏற்றுதலையும் அவ்வகையிற் சேர்த்தல் தகும். அரிச்சந்திரன் மயான காண்டத்தை நடிகமணி வைரமுத்துவின் அரங்கிற் கண்டவர்க்கு, அசையாது கிடந்த உலோகிதாசன் எத்துணைப் பேசினான் என்பது தெரியும்.

‘பனிக்காலக் கதை’யின் முடிவிலே பதினாறாண்டு கழிந்தபின் சிலையாக நின்ற ஹேர்மயனி அசைகின்றாள், இழந்த மகளை வாழ்த்துகின்றாள். மகனைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்குச் சற்று முன்னர், பொலிக்சனிசின் மகன் அரண்மனை வாயிலில் வந்து நிற்கும்போது, நம் இளவரசன் இருந்திருந்தால் இவனுக்கு ஏற்ற இணையாவான், இருவரும் ஒரு திங்கள் இடைவெளிக்குள் பிறந்தவர்கள் என்று போலினா நினைவூட்டுகின்றாள். லியொன்ரிசு அவளை நிறுத்தும்படி இரக்கின்றான். பேசும்போதெல்லாம் அவன் மீண்டும் இறக்கின்றான் என்கின்றான். இடுகாட்டருகே வாழ்ந்த ஒரு மனிதனைப் பற்றி இரண்டாமங்கத்திற் கேட்கத் தொடங்கியவர்கள், மகனும் மனைவியும் கிடக்கும் கோயிலுக்கு நாள்தோறும் செல்வதாகச் சூளுரைத்த அவ்வரசனை அப்போது வேறு கண்ணாற் பார்ப்பர். சிறுவன் அன்று அழுதுகொண்டு போயிருந்தால், அவர்களுக்கு அக்கதை நினைவிலிருந்திராது.